சாலைக்கும் பந்தயத் தடத்திற்கும் ஒரே கார்: சஸ்பென்ஷன் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பகுதிகளில் வாழ்ந்துகொண்டு, வேலைக்குச் சென்று வரும் அதே காரை ஆண்டுக்குச் சில முறை சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூருக்கோ கொண்டுசென்று தடத்தில் ஓட்ட விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முன்சக்கரங்கள் இழுக்கும், முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த தூண்) பின்பக்கம் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுங்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்) கொண்ட ஹேட்ச்பேக் காரை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. நம் பகுதியில் இளைஞர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய கார்களே.

ஒரே அமைப்பு சாலைக்கும் தடத்திற்கும் பொருந்துமா?

ஓரளவுக்கு நன்றாகவே பொருந்தும்; ஆனால் எல்லையை வகுப்பது சாலைதான், தடம் அன்று. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து முன்னதற்கும், தருமபுரியிலிருந்து பின்னதற்கும் ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மேம்பால இணைப்புகளையும், ஊர்தோறும் உள்ள வேகத்தடைகளையும், மழைக்குப் பின் பெயர்ந்த தாரையும் அந்த வண்டி தாங்கியாக வேண்டும்.

இதில் பலருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். வண்டி எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது உண்மையன்று. டயர் தரையை விடாமல் பற்றியிருக்கும் வண்டியே வேகமாகத் திரும்பும். தேவைக்கு மேல் கெட்டியான சஸ்பென்ஷன் மேடுபள்ளத்தில் டயரைத் தரையிலிருந்து கிளப்பிவிடுகிறது. அதனால் சாலையில் நன்றாக அமைந்த வண்டி தடத்தில் சற்றே பின்தங்கும், அவ்வளவுதான். தடத்திற்கென்றே இறுக்கிய வண்டியோ சாலையில் ஆபத்தாகவும் முடியும்.

எதிலிருந்து தொடங்குவது?

புதிய பாகம் வாங்குவதற்கு முன் பழைய பாகங்களின் நிலையைப் பார்க்க வேண்டும். 60,000 அல்லது 70,000 கிலோமீட்டர் ஓடிய காரில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்கள் (அதன் மூட்டில் உள்ள ரப்பர் உருளைகள்) வெடித்திருப்பதும், ஸ்ட்ரட் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனைப் பிடிப்பு) தளர்ந்திருப்பதும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருப்பதும் சாதாரணம். அந்த நிலையில் விலையுயர்ந்த காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) மாட்டினால், புதிய ஸ்பிரிங்கின் விசை முழுவதும் தளர்ந்த புஷ்களின் வழியே வீணாகிறது. நல்ல டயர், புதிய புஷ், கசிவில்லாத ஷாக், சரியான அலைன்மென்ட் ஆகிய நான்கும் அமைந்த வண்டியை ஒரு முறை தடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த செலவைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவே போதும் என்று நிறைவடைகிறவர்கள் பலர்.

புஷ் மாற்றும் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டறையில் வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழல் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. வண்டி இறங்கி நின்றதும் ரப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே எப்போதும் இருக்க நேர்கிறது. விளைவாக வண்டியின் உயரம் ஒரு பக்கம் சற்று மாறித் தெரியும், சில மாதங்களில் புஷ் கிழிந்தும் போகும். போல்ட்டுகளை விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரங்கள் முழு எடையையும் தாங்கி நிற்கும் நிலையில் இறுதி முறுக்கு கொடுக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ராம்ப் மீது ஏற்றிச் செய்யலாம். அல்லது லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்திற்கு ஏற்றிக்கொண்டும் செய்யலாம். இதே விதி உயரத்தைக் குறைத்த வண்டிக்கும் பொருந்தும்: உயரம் மாறினால் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, புதிய உயரத்தில் மீண்டும் முறுக்க வேண்டும்.

ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம்?

கடைக்காரர் சொல்லும் ஸ்பிரிங் எண்ணை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த ஸ்பிரிங் தாங்கும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் அளவுதான் அதிர்வெண், அதாவது வண்டி தானாக விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. சக்கரத்தில் உணரப்படும் விறைப்பை நியூட்டன்/மீட்டரில் எடுத்து, அந்த மூலை தாங்கும் எடையைக் கிலோகிராமில் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28 ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை வரும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பைவிடச் சற்றே குறைவாக இருக்கும்.

ஓட்டுநருடன் 1,100 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக்கில் முன்மூலை ஒவ்வொன்றும் சக்கரம், பிரேக் முதலியவை நீங்கலாக ஏறத்தாழ 300 கிலோ தாங்கும். சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்பு இருந்தால் அதிர்வெண் 1.3 ஹெர்ட்ஸ். கார் நிறுவனங்கள் குடும்பக் கார்களுக்குப் பொதுவாகத் தேர்ந்தெடுக்கும் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் இது அடங்கும். விறைப்பு 25 ஆனால் 1.45 ஹெர்ட்ஸ், 32 ஆனால் 1.64 ஹெர்ட்ஸ். 60 ஆனால் 2.25 ஹெர்ட்ஸ், அது இறக்கைகள் இல்லாத பந்தயக் கார்களின் அளவு.

காயில்ஓவர் என்ற பெயரில் விற்கப்படும் பல செட்டுகள் 50-லிருந்து 60 வரை விறைப்புள்ள முன் ஸ்பிரிங்குகளுடன் வருகின்றன. சமமான தடத்தில் அவை இனிக்கும். ஆனால் ராயக்கோட்டை, பாலக்கோடு, அரூர் பக்கத்துச் சாலைகளில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு முன்பக்கம் 1.45 முதல் 1.65 ஹெர்ட்ஸ் வரை என்பதே என் உறுதியான பரிந்துரை. வண்டியின் சாய்வு குறைவதைக் கண்கூடாக உணரலாம், முதுகும் பிழைக்கும்.

மேம்பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது வண்டி முன்னும் பின்னும் ஆடுகிறதே, ஏன்?

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், 2.45 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) உள்ள காரின் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறிய பத்தில் ஒரு விநாடி கழித்துப் பின்சக்கரம் ஏறுகிறது. பின்பக்கம் தாமதமாகத் தொடங்குவதால், அதன் அதிர்வெண் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால்தான் இரண்டும் விரைவில் ஒன்றுசேர்ந்து, வண்டி தலையாட்டாமல் மட்டமாக ஏறி இறங்கும். ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி 1930-களில் விளக்கிய கொள்கை இது. முன்பக்கத்திற்கு மட்டும் கெட்டியான ஸ்பிரிங் போட்டு, பின்பக்கத்தைப் பழையபடியே விட்டவர்களின் வண்டிகள் தேசிய நெடுஞ்சாலை 44-இல் குதிரை போலத் துள்ளுவதற்குக் காரணம் இதுவே. முன்பக்கம் 1.45 ஹெர்ட்ஸ் என்றால் பின்பக்கம் 1.6 அளவில் இருக்கட்டும்.

வண்டியை எவ்வளவு தாழ்த்தலாம்?

இங்கே ஓடும் காருக்கு 15 மில்லிமீட்டர், மிஞ்சினால் 20. அதற்கு மேல் தாழ்த்துவது தோற்றத்திற்காக மட்டுமே. கையாளுமை கெடவே செய்யும்.

முதற்காரணம், அமுங்குவதற்கான இடம். உங்கள் காரில் அது 80 மில்லிமீட்டர் என்று கொண்டால், 30 மில்லிமீட்டர் தாழ்த்தும்போது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் நிற்கும்போதே தீர்ந்துவிடுகிறது. மீதியும் தீர்ந்து பம்ப் ஸ்டாப் (அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) அடிக்கும் நொடியில் விறைப்பு பன்மடங்கு ஏறி, அந்தச் சக்கரம் திடீரென்று பிடிப்பை இழக்கிறது. வளைவின் நடுவில் இது நேர்ந்தால் வண்டி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேர்வழியில் தள்ளும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மெக்ஃபர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம் உடலிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வண்டியைத் தாழ்த்தும்போது அது மட்டமாகி, பிறகு மேல்நோக்கிச் சரிகிறது. அப்போது வண்டி சாயும் அச்சு, அதன் எடைமையத்தைவிட அதிக அளவில் கீழே போய்விடுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால், தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். கூடவே சக்கரம் மேலேறும்போது கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உட்பக்கம் சாயும் கோணம்) கூடுவதற்குப் பதிலாகக் குறையத் தொடங்கும். ஸ்டீயரிங் டை ராடின் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின்) கோணமும் மாறி, மேட்டில் ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும்.

மூன்றாவது, நம் வேகத்தடைகள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவில் வளைவான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் மேல் நிற்கும் 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள காரின் நடுவயிற்றை நோக்கி அது 45 மில்லிமீட்டர் மட்டுமே எழும்பும். கிராமத்து நுழைவில் ஊரார் போட்டுக்கொண்ட, ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள குறுகிய மேடோ தன் முழு உயரத்திற்கும் எழும்பும். அது 15 சென்டிமீட்டர் என்றால், ஆள்கள் ஏறிய தாழ்ந்த கார் அடி தட்டாமல் தப்பாது.

கம்பெனி ஷாக்கையே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா?

20 சதவீதம் வரை கூடுதல் விறைப்பு என்றால், ஷாக் புதிதாக இருக்கும்பட்சத்தில் செய்யலாம். அதற்கு மேல் கூடாது. விறைப்பை 20-லிருந்து 32 ஆக்கினால், அதே அளவு அடக்கத்தைப் பெற ஷாக்கின் தடையும் ஏறத்தாழ 26 சதவீதம் கூடியாக வேண்டும். அந்தத் தடை இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிற்குப் பின்னும் வண்டி இரண்டு மூன்று முறை எழும்பி அடங்கும். ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்கும் வழக்கத்தை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகர்ந்துவிடும்.

கிளிக் வைத்த ஷாக்கை எப்படிச் சரிசெய்வது?

பணம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஷாக்கில் இரண்டு தடைகள் உண்டு: அமுங்கும்போது தருவது பம்ப், விரியும்போது தருவது ரீபவுண்ட். விலை குறைந்த வகைகளில், ஒவ்வொரு படிக்கும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் ஒரே திருகு இரண்டையும் சேர்த்து மாற்றும். சற்றே நல்ல வகைகளில் அது பெரும்பாலும் ரீபவுண்டை மாற்றும். உயரத்தை மாற்றும் ஏற்பாட்டிலும் வேறுபாடு உண்டு. ஸ்பிரிங் இருக்கையைத் திருகி இறக்கும் வகையில் அமுங்கும் இடம் குறைகிறது. ஷாக்கின் அடிப்பகுதியையே திருகி நீளத்தைக் குறைக்கும் வகையில், ஷாக்கிற்குள் இருக்கும் இடம் குறைவதில்லை. வாங்குகிறவர்கள் இரண்டாவதையே கேட்டு வாங்க வேண்டும்.

கிளிக்குகளை எப்போதும் முழுக் கெட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு ஷாக்குகளுக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றாக அமைவது அந்த முறையில்தான். முதலில் நடுவில் வைத்து, நீங்கள் அன்றாடம் செல்லும் ஒரே சாலைத்துண்டில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். மேட்டைத் தாண்டிய பின் வண்டி மிதந்தால் ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டுங்கள். அடுத்தடுத்து மேடுகள் வரும்போது வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசி மேடு முதல் மேட்டைவிடக் கெட்டியாக இடித்தால், சக்கரம் விரிந்து திரும்பும் முன்பே அடுத்த மேடு வந்துவிடுகிறது என்று பொருள். அப்போது ரீபவுண்டைக் குறைக்க வேண்டும்.

ஊருக்குள் நுழையும் முன் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்துப் போட்டிருக்கும் தடித்த வெள்ளைப் பட்டைகள் இதற்கு நல்ல சோதனைக்களம். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள பட்டைகளை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் சக்கரம் விநாடிக்கு 14 முறை அடிவாங்குகிறது. சக்கரமும் அச்சும் தாமாகத் துடிக்கும் அதிர்வெண் 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை என்பதால், குறை எதுவானாலும் அங்கே வெளிப்படும். ஸ்டீயரிங் கையில் நடுங்கி வண்டி பக்கவாட்டில் நழுவுவது போலத் தோன்றினால், பம்ப் தடை தேவைக்கு மேல் இருக்கிறது, அல்லது ஷாக் செத்துவிட்டது.

தடத்தில் இந்த அமைப்பிலிருந்து மூன்று, நான்கு கிளிக் கூட்டினால் போதும். முழுக் கெட்டியில் வைத்து ஓட்டுவதால் சுற்றுநேரம் குறையும் என்று நம்ப வேண்டாம்.

சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஷாக்கின் தூசு உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, அடிப்பகுதியோடு ஒட்டித் தள்ளிவையுங்கள். ஓட்டி முடித்த பின் அது எங்கே நிற்கிறது என்று அளந்தால், தண்டு எவ்வளவு உள்ளே போனது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். பம்ப் ஸ்டாப்பின் அடிவிளிம்பில் போய் முட்டி நின்றால், நீங்கள் தாழ்த்தியது அதிகம்.

ஆன்டி-ரோல் பார் தேவையா?

முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்பக்கத்திற்குச் சற்றுத் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) போடுவது, வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும் குணத்தைக் குறைக்கும். ஆனால் மழையில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் வீசும் வாய்ப்பும் கூடுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேம்பர், டோ அளவுகள் என்ன?

சாலைக்கும் தடத்திற்கும் பொதுவாக முன்பக்கம் மைனஸ் 1.5 டிகிரி கேம்பர், டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். தடத்திற்கு மட்டும் என்றால் மைனஸ் 2.5 வரை போகலாம். கேம்பர் டயரின் உட்புறத்தைத் தின்றுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் பலர். உண்மையில் டயரை வேகமாகத் தின்பது தவறான டோ. பின்பக்க டார்ஷன் பீமில் இவற்றை மாற்றும் வசதி பொதுவாக இல்லை.

ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கேம்பரை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் இருந்தால் சாலைக்கு ஒன்று, தடத்திற்கு ஒன்று என இரண்டு நிலைகளைக் குறியிட்டு வைத்துக்கொள்ளலாம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே அலைன்மென்ட் கடையில் இரண்டு நிலைகளையும் அளந்து, டை ராடை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டையை வைக்கச் சொல்லுங்கள். பச்சைக் குறி வந்தால் போதும் என்று அனுப்பிவிடும் கடையைத் தவிர்த்து, எண்களை அச்சிட்டுத் தரும் கடைக்குச் செல்லுங்கள்.

தடத்தில் டயர் காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது?

தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது அழுத்தம் 5 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை ஏறும், எனவே குளிர்ந்த டயரில் சற்றுக் குறைவாகத் தொடங்கி, சூட்டில் அளந்து சரிசெய்ய வேண்டும். டயரின் தோள்பகுதியில் சிறிய முக்கோணக் குறி ஒன்று இருக்கும். தேய்ந்த அடையாளம் அந்த முக்கோணத்தின் முனையைத் தொட்டு நின்றால் அழுத்தம் சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவரில் இறங்கினால் காற்று குறைவு. எட்டவே இல்லையென்றால் அதிகம்.

இங்கே உயிரைக் காக்கும் ஒரு செய்தி இருக்கிறது. சூட்டில் காற்றை இறக்கி 34-இல் நிறுத்திய டயர், குளிர்ந்ததும் 27, 28 என்று இறங்கிவிடும். அதே அழுத்தத்தில் வீட்டார் பொருள்களோடு ஏறி, நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் ஓட்டினால் டயர் உட்புறம் சூடேறி வெடிக்கக்கூடும். தடத்தை விட்டுக் கிளம்பும் முன் டயர் ஆறும்வரை காத்திருந்து, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பிவிட்டே கிளம்ப வேண்டும்.

தொப்பூர் கணவாயிலோ ஒகேனக்கல் மலைப்பாதையிலோ சோதித்துப் பார்க்கலாமா?

கூடாது. தொப்பூர் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து எத்தனையோ உயிர்களைப் பறித்திருக்கின்றன. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் பாதையில் அடுத்த வளைவில் பேருந்து வருகிறதா, மாடு நிற்கிறதா என்று தெரியாது. பிடிப்பின் எல்லையைத் தேடுவதற்குத் தடம் இருக்கிறது. பொதுச்சாலையில் சட்ட வேகத்திற்குள் கிடைக்கும் அறிகுறிகளே சாலை அமைப்பிற்குப் போதுமானவை.

வீட்டார் நான்கு பேரும் மாம்பழப் பெட்டிகளும் ஏறும் வண்டிக்கு இது ஒத்துவருமா?

பின்னிருக்கையில் இருவர் 140 கிலோ, டிக்கியில் பெட்டிகள் 60 கிலோ என்று கொண்டால், பின்பக்கம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் அமுங்கும். அதனால்தான் பின்பக்கத்தைத் தாழ்த்தாமல், ஸ்பிரிங்கை மட்டும் சற்றுக் கெட்டியாக்கும்படி சொல்கிறேன். சீசனில் தோட்டத்திலிருந்து பாரம் ஏற்றும் நாள்களில் பின்டயருக்கு முழுப் பாரத்திற்கான காற்றழுத்தம் வைத்து, ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டிக்கொள்ளலாம்.

சட்டமும் காப்பீடும் என்ன சொல்கின்றன?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடைசெய்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. ஆகவே பெரிய மாற்றங்களுக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களை விற்றுவிடாமல் வைத்திருங்கள். சாதாரணக் காப்பீட்டுப் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே வைத்துள்ளன; தடத்தில் நேரும் சேதம் முழுவதும் உங்கள் செலவு என்று கருதியே செல்ல வேண்டும்.

தடத்திலிருந்து திரும்பியதும் எவற்றைப் பார்க்க வேண்டும்?

சக்கர நட்டுகளை, டயரும் டிஸ்கும் ஆறிய பின், டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு மீண்டும் முறுக்குங்கள். ஷாக் தண்டில் எண்ணெய்ப் பூச்சு தெரிகிறதா, டயரின் உள்ளோரத்தில் கம்பி தெரிகிறதா, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பகுதி) இணைக்கும் போல்ட்டில் இட்ட பெயிண்ட் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு விலகியிருந்தால் கேம்பர் நழுவிவிட்டது, மறுபடி அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டக் கூடாது. பிறகு கிளிக்குகளைச் சாலை நிலைக்குத் திருப்பிவிட்டு, அன்று வைத்த அளவுகள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை தடத்திற்குச் செல்லும்போது அந்த எண்களிலிருந்தே தொடங்கலாம்.